நான் கழுவிய பன்னிரண்டு டம்ளர்கள்

காலை பத்து இருபதுக்கு நான் என் துண்டைத் தண்ணீரில் நனைத்தேன். பத்து பத்தொன்பது வரை நான் ஒரு நல்ல தகப்பன். இதற்குச் சாட்சி இல்லை. நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

பாலக்கோட்டில் ஒரு பழைய புளிக் கிடங்கை எடுத்து, ஊர்க்காரர்கள் சிலர் சங்கம் சேர்த்து, மண்பாண்டக் கலைக்கூடம் நடத்தி வந்தார்கள். லாபம் பார்க்கும் உத்தேசம் இல்லை. (வழியும் இல்லை.) யார் வேண்டுமானாலும் வந்து சக்கரத்தின் முன்னால் உட்காரலாம். தையற்காரர், கம்பவுண்டர், ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு எல்லோரும் வந்து, ஒருபக்கம் சாய்ந்த பூந்தொட்டிகளாகச் செய்து தள்ளினார்கள். நிமிர்ந்து நிற்கும் பாத்திரம் செய்தவள் என் மகள் வசந்தா மட்டும்தான்.

கூடத்துக்குச் சம்பளத்தில் ஒரு பயிற்சியாளர் தேவைப்பட்டது. செய்து காயவைத்த பாத்திரங்களை, பெங்களூரிலிருந்து வரும் பரீட்சைக்காரர் கண்ணெதிரே சூளையில் அடுக்கி, சுட்டு, உடையாமல் எடுத்துக் காட்டவேண்டும். அதுதான் பரீட்சை. வசந்தா பன்னிரண்டு டம்ளர்கள் செய்து வைத்திருந்தாள். எல்லாம் ஒரே உயரம், ஒரே கனம்.

எனக்கோ திருப்பத்தூரில் ஒரு மாப்பிள்ளை மேல் கண். நான் மாதக்கணக்கில் நச்சரித்ததில் அவள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாள். "இந்த வேலை கிடைச்சா என்னை விட்டுடணும். கிடைக்கலைன்னா நீங்க சொல்ற பையனையே கட்டிக்கறேன்." இதை மனத்தில் வையுங்கள். பிற்பாடு எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

பரீட்சை நாளன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பரீட்சைக்காரரை அழைத்து வர வசந்தாவும் சூளை மேஸ்திரி காதர் பாயும் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்கள்.

"சார், கோழி கீழி உள்ள பூந்துடாம பாத்துக்கங்க, அது போதுங்க" என்றார் பாய்.

"அப்பா, நீங்க சும்மா உக்காந்திருந்தாலே போதும்" என்றாள் மகள்.

சும்மா உட்காருவது எனக்கு வராது. பலகையில் டம்ளர்கள் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துக் கிடந்தன. பெங்களூர் ஆள் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்? ஒன்றை எடுத்து ஈரத் துண்டால் துடைத்தேன். கருஞ்சிவப்பாகப் பளபளத்தது! துண்டு முழுக்கச் சேறு. 'இவ்வளவு அழுக்கையா வைத்திருந்தாள்?' பன்னிரண்டையும் சிமெண்டுத் தொட்டியில் இறக்கி ஊறவைத்தேன். குமிழி குமிழியாக வந்தது. ஸ்ஸ் என்று சத்தமும் வந்தது. அழுக்கு விடுகிறது என்று மகிழ்ந்தேன். நடுவில் ஒரு கோழியை வேறு விரட்டினேன். (கொடுத்த கடமையை மறக்கவில்லை.)

திரும்பி வந்து தொட்டிக்குள் கையை விட்டேன். முழங்கைவரை போயிற்று. டம்ளர் எதுவும் தட்டுப்படவில்லை. கூழ்தான் இருந்தது.

நான் சரித்திர வாத்தியார். ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் அழியாத சுட்ட பானைகளைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன். 'சுட்ட' என்பதை அழுத்திச் சொல்வேன். சுடாத மண் கரையும் என்று என் வாய்க்குத் தெரியும். கைக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தொட்டியைத் துண்டால் மூடி, முன்னால் நின்றுகொண்டேன். பஸ் தாமதம் என்ற செய்தியோடு இருவரும் திரும்பினார்கள்.

"தொட்டியில என்னங்க சார்?" என்றார் பாய்.

"டம்ளர்."

பாய் துண்டைத் தூக்கிப் பார்த்தார். "எல்லாமேங்களா?"

"சுத்தமா இருக்கட்டுமேன்னு..."

"அதுக்கொண்ணும் கொறையில்லீங்க."

வசந்தா அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். என்னையே பார்த்தாள். "வூட்டுல நீங்க குடிச்ச டம்ளரைக் கழுவி நான் பாத்ததில்ல. இங்க மட்டும் எதுக்குப்பா? வேணும்னே பண்ணீங்களா?"

திருப்பத்தூர் என்று என் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தூக்குப்போசியில் சாப்பாட்டோடு வந்த என் மனைவிதான் எனக்காக வாதாடினாள்.

"வேணும்னே பண்ற சாமர்த்தியம் உங்கப்பனுக்கு இருந்திருந்தா நான் ஏண்டி இந்தப் பாடு படறேன்?"

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது.

பரீட்சைக்காரர் பன்னிரண்டரைக்கு வந்தார். தொட்டியைப் பார்த்தார், முழங்கை வரை சேறாக நின்ற என்னைப் பார்த்தார். "இருபது நாள் கழிச்சு வர்றேன். இதே மண்ணுல செய்யட்டும், நல்லா ஊறியிருக்கு. அப்ப மட்டும் இவரை ஊர்ல வெக்காதீங்க."

மறுநாள் திருப்பத்தூருக்கு ஒரு கார்டு எழுதினேன். ஜாதகத்தைத் திருப்பி அனுப்பவும், வேறு பெண் பார்த்துக்கொள்ளவும். தபாலில் போடுமுன் வசந்தாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "கையெழுத்து சுத்தமா இருக்குப்பா" என்றாள். கலைக்கூடத்திலிருந்து வந்தபின் அவள் என்னிடம் பேசியது அப்போதுதான்.

இருபதாம் நாள் என்னை அரூரில் என் தங்கை வீட்டுக்கு நாடு கடத்தினார்கள். சூளை எரிந்து, ஆறி, பிரிக்கும்வரை மூன்று நாள் தண்டனை. தீர்த்தமலைக்குப் போய் வேண்டிக்கொண்டேன். தீர்த்தத்தில் கை நனைக்கப் பயமாக இருந்தது.

இன்றும் எந்த விசேஷ வீட்டிலும் நான் கை கழுவ எழுந்தால், "டம்ளரை எல்லாம் எண்ணி வெச்சாச்சா?" என்று என் மைத்துனன் உள்ளே குரல் கொடுக்கிறான். புது மருமகன் உட்பட எல்லோரும் சிரிக்கிறார்கள். (மருமகன் திருப்பத்தூர் இல்லை, வசந்தாவே பார்த்துக்கொண்டது.)

அன்று தண்டனை முடிந்து, மூன்றாம் நாள் சாயங்காலம் அரூரிலிருந்து வீடு திரும்பினேன். கதவு பூட்டியிருந்தது. பாஸா பெயிலா என்று சொல்ல ஆளில்லாமல் வாசற்படியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் காதர் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, சிவந்த டம்ளர் ஒன்றை என் கையில் வைத்தார். விரலால் சுண்டிக் காட்டினார், கணீரென்றது.

"பன்னெண்டும் முழுசா வெந்துடுச்சுங்க சார்," என்றார். "இப்பக் கழுவுங்க."