ராணி வராத விருந்து

ஓசேர் நகரம், 1709 ஜனவரி 16

அன்புள்ள தங்கை ஜாக்கெத்துக்கு அண்ணன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். மைக்கூடுதான் நலமில்லை, அக்குளில் இடுக்கி, உருக்கி உருக்கி எழுதுகிறேன். நீயும் குழந்தைகளும் நலமா? உன் வீட்டுக்காரரின் நலத்தைக் கேட்கும் உத்தேசம் எனக்கில்லை. லத்தீன் வாத்தியாராகிய நான் உன் கல்யாணத்தில் வாசித்த வாழ்த்துப்பாவுக்கு, நாற்பதாவது அடியிலேயே குறட்டை விட்ட மனிதர். ஒன்பது வருஷமாக அந்த ஓசை என் காதில் இருக்கிறது.

இந்தக் குளிர் என்னை என்ன பாடு படுத்துகிறது, கேள். ஆறு உறைந்தது, கோழிகள் நின்றபடியே செத்தன, வெர்சாயில் மன்னரின் கோப்பையிலேயே ஒயின் உறைகிறதாம், இந்த நாட்டில் எல்லோருக்கும் சமமாக நடப்பது இது ஒன்றுதான். என் நிலவறையில் பீப்பாய்கள் வெடித்துவிட்டன. உன் வீட்டுக்காரர் செய்துகொடுத்தது மட்டும் அப்படியே நிற்கிறது, அதுவும் எனக்கு எரிச்சல்தான். உன் அண்ணிக்குக் காய்ச்சல், அதனால் மூன்று ராஜாக்கள் திருநாளை ஒரு வாரம் தள்ளி, போன ஞாயிறு மதியம்தான் கொண்டாடினோம். கேக்கில் ஒளித்த மொச்சை யாருக்கு வருகிறதோ அவர்தான் அன்று ராஜா, அவர் குடித்த பிறகுதான் மற்றவர் குடிக்கலாம். எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அண்ணியின் தம்பி அம்ப்ருவாஸுக்கு ஐந்து முறை. இந்தத் தடவை யாருக்குமே வரவில்லை. அப்படியானால் வழக்கப்படி வராதவருக்கென்று எடுத்துவைத்த துண்டில்தான் இருக்க வேண்டும் என்று அம்ப்ருவாஸ் கத்தியோடு வந்தார். நான் தட்டை மூடிக்கொண்டேன்.

அப்போது உன் அண்ணி, "கைய எடு தம்பி. அது ஜாக்கெத் பங்கு. ஒம்பது வருஷமா இந்த மனுஷன் அவ பேரைச் சொல்லித்தான் அதை வெட்டுறாரு" என்றாள். இதை அவள் சொல்லியிருக்கத் தேவையில்லை.

"அப்ப ராணி வர்ற வரைக்கும் நாம தொண்டை காஞ்சே கிடக்கணுமா, மச்சான்?"

வழக்கம் வழக்கம்தான் என்றேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஒயின் கல்லாகத்தான் கிடந்தது, அது வேறு விஷயம்.

ஆக, என் விருந்து கெட்டதற்கு நீதான் காரணம். அதற்காகப் புறப்பட்டு வந்துவிடாதே. நான் கூப்பிடவில்லை, கோபமும் தீரவில்லை. குழந்தைகளின் காலில் வைக்கோல் சுற்றிப் படுக்கவை. உங்கள் எல்லோரையும் ஆண்டவர் காப்பாராக. அந்த எல்லோரில் அவரையும் சேர்த்துக்கொள்.

மாறாத கோபத்துடன்,
உன் அண்ணன் ஜெர்மேன்

பி.கு.: தபால் வண்டி ஓடவில்லை. இரண்டு நாள் நடந்து, உன் வாசலில் நின்று இந்த வரிகளை, கரித்துண்டை இரு உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கி எழுதிக் கதவிடுக்கில் செருகுகிறேன். தட்டுவதற்கு விரல் மடங்கவில்லை. உன் வீட்டுக்காரரே வந்தாலும் சரி, யாராவது கதவைத் திறங்கள்.