அரை டம்ளர் அண்ணாச்சியின் யூக்கா

கல்கத்தாத் தமிழர்களில் தாகத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மனிதர் வேறு யாரும் கிடையாது. லேக் மார்க்கெட் பக்கம் நான் குடியிருக்கும் கட்டடத்தில் எதிர் வீட்டில் நாலு வருஷம் இருந்தார். திருநெல்வேலிக்காரர், துறைமுகத்தில் உத்தியோகம். பெயர் என்னவோ ஒன்று இருந்தது. தன் யூக்காச் செடிக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அரை டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்று வைத்திருந்ததால் எங்களுக்கு அவர் அரை டம்ளர் அண்ணாச்சி.

யூக்காவைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அடி யானைக்கால் மாதிரி இருக்கும். தலையில் தாழைமடல் மாதிரி இலைகள், ஒவ்வொன்றின் நுனியும் ஊசி. வருகிறவர்கள் கண்ணைக் குத்தக்கூடாதென்று எல்லா நுனியிலும் தெர்மகோல் உருண்டை செருகி வைத்திருந்தார். முதலில் பார்த்தபோது செடி காய்த்திருக்கிறது என்றே நினைத்தேன்.

எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அங்குள்ள தொட்டியில் ஆள்காட்டி விரலை விடுவார். பிறகுதான் வணக்கம். என் மனைவி காபி கொண்டு வருவதற்குள் எங்கள் துளசிக்கு விரல் போய்விட்டது.

"என்னவே இது, சேறால்லா கெடக்கு! நாத்து நடப் போறீரா?"

ஒருமுறை மேலதிகாரி அறையிலும் இதே சோதனையைச் செய்து, அதே மண் விரலோடு கை குலுக்கிவிட்டு வந்தார்.

குளிர்காலம் பிறந்தால் செடியைக் கூடத்திலிருந்து பால்கனிக்கு மாற்றும் வைபவம். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடுமாம். முதல் நாள் அரை மணி, மறுநாள் ஒரு மணி என்று பத்து நாள் தூக்கிக்கொண்டு அலைவார். கல்யாணப் பெண்ணைக்கூட இத்தனை தவணையில் யாரும் புகுந்த வீட்டுக்கு அனுப்பியதில்லை.

சிரிக்காதீர்கள். இருபது வருஷத்தில் எட்டு ஊர் மாற்றல் அவருக்கு. மனைவிக்கு ஊரில் டீச்சர் வேலை, அங்கேயே பிள்ளைகளின் படிப்பு. "ஊர் ஊரா எங்கூட வாரது இது ஒண்ணுதாம்வே" என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

போன துர்கா பூஜை விடுமுறைக்கு மூன்று வாரம் ஊருக்குக் கிளம்பினார். பூட்டிய வீட்டில் வெளிச்சம் இருக்காது. அதனால் தொட்டியை மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னலோரம் வைத்தார். 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று வங்காள மொழியில் அட்டை எழுதி அதன் கழுத்தில் கட்டினார். பாதியில் கோடு போட்ட டம்ளரை என்னிடம் கொடுத்தார்.

"பத்தாம் நாள் ஒரு தடவ. ஒரே தடவ. என்ன வே?"

"கவலைப்படாதீங்க அண்ணாச்சி."

தப்பு நடந்தது அந்த அட்டையால்தான். தெரு முழுக்கப் பந்தல், வேளாவேளைக்குக் கிச்சடி பிரசாதம், ஊரே வயிறு புடைக்கத் தின்கிற ஐந்து நாள். அந்த நேரத்தில் ஒரு உயிருக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று நோட்டீஸ் போட்டால் வங்காளிகள் மனசு தாங்குமா? கீழ்வீட்டு வங்காளி அம்மாள், கட்டடத்துக்கே பௌதி, அதாவது அண்ணி, அட்டையைப் படித்து, "ஆஹா ரே!" என்று உருகியதை நானே கேட்டேன்.

பத்தாம் நாள் என் அரை டம்ளரை ஊற்றினேன். இரண்டு நாளில் அடி இலைகள் மஞ்சளாயின. பாவம், தாகம் என்று இன்னொரு அரை. இன்னும் மஞ்சள். இன்னொன்று.

அண்ணாச்சி திரும்பி வந்தார். பெட்டியைக் கீழே வைக்காமலே தண்டைக் கட்டைவிரலால் அமுக்கினார். பழுத்த சப்போட்டா மாதிரி உள்ளே போயிற்று.

"எத்தன டம்ளர் வே?"

"மூணு அண்ணாச்சி."

"மூணுக்கு இப்பிடி அழுகிப் போவாதே."

படியில் நின்றிருந்த பௌதி முந்தானையைத் திருகினார். "மை பீ, தாதா. ரோஜ் ஏக் லோட்டா." அவரும் ஊற்றினாராம், தினம் ஒரு சொம்பு! வாட்ச்மேனும் தலையைச் சொறிந்துகொண்டே, மிச்ச டீயெல்லாம் அதற்குத்தான் என்று ஒப்புக்கொண்டார். மற்றவர்கள் யாரும் ஊற்றவில்லையே என்ற இரக்கத்தில் மூன்று பேரும் சேர்ந்து அதை மூழ்கடித்திருக்கிறோம்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்று பூராவும் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் ரொட்டி வெட்டும் கத்தியோடு வந்தார். அழுகிய அடியை வெட்டி எறிந்தார். கெட்டியான நடுத்தண்டை மூன்று துண்டாக்கினார். தலைப்பகுதியோடு அவற்றைச் செய்தித்தாளில் பரப்பி ஒரு வாரம் உலர விட்டார். பௌதி மறுபடி சொம்போடு வர, "வேண்டாந்தாயீ!" என்று தமிழிலேயே கும்பிட்டார். வெட்டுவாய் காய்ந்ததும் தலையை மணல் கலந்த மண்ணில் நட்டுக்கொண்டார். மூன்று துண்டுகளையும் எங்கள் மூன்று பேர் கையிலும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

"கொன்னவங்களே வளக்கணும். அதாம் தண்டன."

பங்குனியில் அவர் நட்ட தலை வேர்விட்டது. அதே மாதம் மாற்றல் உத்தரவும் வந்தது, ஒன்பதாவது ஊருக்கு. தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் ஏறினார். பௌதி வழிக்கென்று ஒரு பாட்டில் தண்ணீர் நீட்டினார். "எனக்குத்தான?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

என் துண்டில் இப்போது இரண்டு குருத்து. பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு போன் வரும். "விரல விட்டுப் பாத்தீரா வே?" என்பார். பார்த்தேன் என்பேன். பிறகு பௌதியும் வாட்ச்மேனும் வரிசையில் நின்று பேசுவார்கள்.

யூக்கா பதினைந்து நாள் தாங்கிவிடுகிறது. எனக்குத்தான் பத்தாம் நாளே அவர் குரலைக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது.