நடுக்கன்னத்தில் ஒரு சோதனை

காலடிப்பேட்டை,
திங்கள் மாலை.

அன்புள்ள நீலா அக்காவுக்கு,

பதினோரு மாதமாக மனைவியைப் போனில் மட்டுமே பார்த்த மனிதர், அவளை வெயிலில் பார்த்தால் என்ன நினைப்பார்? கல்லூரியில் இயற்பியல் நடத்தும் எனக்கு விடை தெரியவில்லை. அந்தக் குழப்பத்தில் நலம் விசாரிக்க மறந்துவிட்டேன். இங்கே நலம், மாமாவின் முழங்காலும் நலமாக இருக்கட்டும்.

என் கன்னத்தில் கறுப்பாகப் படர்ந்த மங்கு உனக்குத் தெரியும். அவர் கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் பவுடரால் மறைத்தேன். கப்பலேறிய பிறகு அந்த வேலையைப் போன் கேமராவே பார்த்துக்கொண்டது. "அப்படியே இருக்கே, குழலி" என்பார். இந்த முறை அந்தப் போன் முகத்தோடு வாசலில் நிற்க ஆசைப்பட்டு, ராயபுரத்தில் தோல் டாக்டர் வினிதாவிடம் போனேன். பழைய லேசர் நம் நிறத் தோலைச் சுட்டு, மங்குத் திட்டை இன்னும் கறுக்க வைக்குமாம்; புதியதில் ஒளித்துடிப்பு மிகக் குறுகியதாம், சூடு குறைவாம். எத்தனை பேருக்குக் கறுத்தது என்று கேட்டேன், மறைக்காமல் சொன்னார், அதனாலேயே சந்தேகம் கூடியது. "முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன் மேடம். முதல்ல தாடைக்குக் கீழ ஒரு பொட்டளவு பார்ப்போம், ஒரு மாசம் கழிச்சு மத்தது" என்றார். சோதனை என்றால் மிகக் கறுத்த இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று வாதாடி, நடுக்கன்னத்தைக் காட்டினேன். வென்றேன். இரண்டே வாரத்தில் அந்த இடம் பளிச்சென்று வெளுத்தது, அதன் பக்கத்தில் மீதிக் கன்னம் முழுதும் அழுக்காகத் தெரிகிறது, பவுடரும் கூடாதாம், மீன்காரப் பட்டம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சிரிக்கிறாள்: "இன்னா டீச்சரம்மா, செவுத்துல சாம்பிள் பெயிண்ட் அட்ச்ச மாரி கீது! மேஸ்திரி பாதில ஓடிட்டானா?"

இதற்குள் அவருடைய கப்பல் மூன்று வாரம் முன்னதாகவே எண்ணூருக்கு வந்துவிட்டது. நாளை இறங்குகிறார். மொட்டைமாடியிலிருந்து கப்பல்கள் தெரிகின்றன. அவருடையது எது என்று தெரியவில்லை. துணி காயப்போடுகிறேன் என்று இன்று நாலு தடவை ஏறினேன். வாளியில் துணியே இல்லை.

ஆகவே அக்கா, மாமாவின் முழங்காலைக் காரணம் காட்டி அவரை மாதவரத்தில் உன் வீட்டிலேயே நிறுத்திவை. மீதியையும் உடனே செய்யச் சொல்லி டாக்டரிடம் நீயே பேசு. போனில் சொன்னால் சிரிப்பாய். இந்தக் கடிதத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

மாமாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு.

உன் தங்கை,
கார்குழலி

பி.கு.: நேற்று இதை அனுப்பவில்லை. யாரையும் நிறுத்திவைக்க வேண்டாம், டாக்டரிடமும் பேச வேண்டாம். செவ்வாய் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தார். வாசலில் நல்ல வெயில். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டே பார்த்தார். மங்கு பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெளுத்த அந்த ஒரே இடத்தில் விரலை வைத்து, "இங்க என்னாச்சு, எண்ணெய் தெறிச்சிடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். விரலை எடுக்கச் சொல்லவில்லை.