மதகுக்கு ஒரு சட்டமூலம்

சட்டமூலக்காரரை உங்களுக்குத் தெரியும். மாகாண சபையில் இருப்பார், வேட்டி மடிப்புக் கலையாமல். தெருவில் மாடு படுத்திருந்தால் மற்றவர்கள் மாட்டை எழுப்புவார்கள். இவர் கால்நடைகள் ஓய்வு ஒழுங்குபடுத்தல் சட்டமூலம் கொண்டுவருவார். தேங்காய் விலை ஏறினால் ஒன்று, கோயில் ஒலிபெருக்கி அலறினால் ஒன்று, மயிலிட்டியில் நண்டு மெலிந்துபோனால் அதற்கும் ஒன்று. நிறைவேறுமா என்றா கேட்கிறீர்கள்? முதலாம் வாசிப்பு என்று தலைப்பை மட்டும் வாசித்துச் சமர்ப்பித்த மறுநாள் பத்திரிகையில் படம் வந்துவிடும். அதற்குப் பிறகு சட்டமூலத்துக்கு என்ன வேலை?

அப்படி ஒருவரான உறுப்பினர் மயூரதனிடம் ஜெயனி போனது சட்டமூலம் கேட்டு அல்ல. சண்டிலிப்பாயில் அவர்கள் ஒழுங்கை முடிவில், தெரு வாய்க்காலைக் கடக்கும் இடத்தில் ஒரு மதகு. ஓரக்கட்டு இடிந்து கனகாலம். மாரியில் வெள்ளம் மேவினால் தெரு எது, வாய்க்கால் எது என்று தெரியாது. அப்படியொரு காலையில் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோன அவளுடைய அப்பா கதிரவேலு சைக்கிளோடு விழுந்தார். எழும்பவில்லை. ஜெயனி சிவில் எஞ்சினியர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு மதகை அளந்து, வரைபடம் போட்டுக்கொண்டு போனாள்.

"அண்ணை, அதிகாரியளுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. அடுத்த மாரிக்கு முன்னம் கட்டு எழும்பினால் காணும்."

மயூரதன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். கண் கலங்கியது. நடிப்பில்லை, அழுதுகொண்டே சட்டமூலம் எழுதக்கூடியவர் அவர்.

"ஒரு மதகைக் கட்டினால் ஒரு மதகுதான் பிள்ளை. நான் மாகாணம் முழுக்க உள்ள மதகுக்குச் சட்டம் கொண்டுவாறன். கொப்பர் கதிரவேலற்றை பேரிலையே."

"அவருக்குப் பேர் வேண்டாம் அண்ணை. கட்டுத்தான் வேணும்."

"உமக்கு உது விளங்காது. நீர் எஞ்சினியர் எல்லோ."

சட்டமூலம் வந்த அமர்வில் சபை எழுந்து நின்று கதிரவேலுவுக்கு மௌன அஞ்சலி செலுத்தியது. பிறகு தேநீர். பிறகு, மதகு என்றால் என்ன என்ற பிரிவிலேயே எல்லோரும் சிக்கிக்கொண்டார்கள்.

"தண்ணி ஓடாட்டி அது மதகோ?" என்றார் எதிர்க்கட்சிக் கீர்த்திகன்.

"வாக்கு விழாட்டியும் உங்கடையைக் கட்சி எண்டுதானே சொல்லுறம்," என்றார் மயூரதன்.

சபை சிரித்து ஓய்ந்தது. சட்டமூலம் குழுவுக்குப் போனது.

அடுத்த மாரிக்கு வானம் கறுக்கத் தொடங்கியது. ஜெயனி ஒரு மேசனைக் கூட்டிக்கொண்டு தானே மதகடிக்குப் போனாள். விடியத் தொடங்கிய வேலை பொழுதுபட முடிந்தது.

அடுத்த அமர்வில் மயூரதன் புதிதாக ஒன்றைச் சமர்ப்பித்தார்: அனுமதியின்றி மதகு கட்டுதலைத் தடைசெய்யும் சட்டமூலம். அன்று பின்னேரமே அவளுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஒண்டும் நினையாதையும் பிள்ளை. கட்டு நல்லாத்தான் இருக்கு. எல்லாரும் உப்பிடித் தொடங்கினால் சபை என்னத்துக்கு?"

"அப்ப முதல் சட்டம்?"

"அது குழுவிலை கிடக்கு. இனி என்ன அவசரம், கட்டுத்தான் எழும்பிட்டுதே."

சிரிக்கிறீர்கள். உங்கள் ஒழுங்கையிலும் ஏதோவொன்று இடிந்து கிடக்கும். கடைசியாக அதைக் கடந்தபோது சைக்கிளை மெதுவாக்கி, எட்டிப் பார்த்து, "உதுக்கு ஆரேன் ஒரு வழி செய்யவேணும்" என்று சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்?

சபையில் அதற்கு முதலாம் வாசிப்பு என்று பெயர்.