ஸ்ரீமதியின் பல்

“வாயை மூடாத கண்ணு! இப்பத்தான் பாதி முடிஞ்சிருக்கு.”

பாலாமணி மகளின் தாடையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஸ்ரீமதிக்கு இரண்டு கிட்னியும் பழுது. ஈறு வீங்கிப் பாதிப் பல்லை மூடியிருந்தது. மீதிப் பல் பழுப்பு. அம்மாவின் கிட்னி பொருந்துகிறது என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனால் வாயில் கிருமி இல்லையென்று பல் டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் ஆபரேஷன்.

அடுப்புக்கரியைப் பொடித்து, கரி பிடித்த சட்டியைத் தேய்க்கிற வேகத்தில் தேய்த்தாள் பாலாமணி. ஈறு கிழிந்து ரத்தம் வந்தது.

பக்கத்து வீட்டு இசக்கியம்மா எட்டிப் பார்த்தாள். “மஞ்சளை அப்புக்கா. நின்னுரும்.”

ரத்தம் நின்றது. பழுப்புப் பல் சாமந்திப்பூ நிறமாகிவிட்டது.

“எலுமிச்சம்பழம் தேச்சா மஞ்சள் போயிரும்க்கா.”

மஞ்சள் போகவில்லை. ஸ்ரீமதி போட்ட அலறலில் தேயிலை எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வீடுகள் மொத்தமும் வெளியே வந்து நின்றன.

“எனக்குக் கிட்னியே வேண்டாம்! என் வாயை உடும்மா!”

“உன்னை யாருடி கேட்டா? குடுக்கறது நானு.”

மறுநாள் காலை மேஸ்திரி மூக்கனிடம் லீவு கேட்டாள். தேயிலை விலை அதல பாதாளத்தில் கிடந்த வருடம். எஸ்டேட்டில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னிக்குப் போனா பேரை வெட்டிருவாங்க பாலாமணி. பல்லுக்கெல்லாம் லீவா?”

வாயில் குதப்பிய புகையிலையைப் புளிச்சென்று துப்பினாள் பாலாமணி. கொழுந்துக் கூடை மேஸ்திரியின் காலடியில் விழுந்தது.

“வெட்டிக்கங்க. கொழுந்து நாளைக்கும் மொளைக்கும். எம்புள்ளைக்குக் கிட்னி மொளைக்குமா?”

குன்னூர் பல் ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்திலிருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். “பல்லு வெளக்கறதே இல்லீங்களா இந்தப் புள்ள?”

“கிட்னி கெட்டா வாய் இப்படித்தானுங்க நாறும். டாக்டரே சொன்னாரு. உங்க வாய் எதுக்குங்க நாறுது?”

அந்த அம்மாள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். பாலாமணி புதிதாக ஒரு துண்டு புகையிலையைக் கிள்ளிக் கடைவாயில் அடக்கிக்கொண்டாள்.

பாலாமணி கோயமுத்தூர் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கம்பவுண்டரிடம் நீட்டினாள். ஸ்ரீமதி நாற்காலியில் ஏறிப் படுத்தாள். டாக்டர் விளக்கைப் போட்டார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“என்னம்மா இது, கறுப்பு, மஞ்சள், செவப்பு?”

“வைத்தியமுங்க.”

“முதல்ல அதை நிறுத்துங்க. சொத்தை ஒண்ணுகூட இல்லை. ஈறு வீங்கினது பி.பி. மாத்திரையால. பழுப்பு இந்த வியாதியால. பொண்ணு மேல தப்பே இல்லை. சுத்தம் பண்ணி மருந்து தர்றேன். மிருதுவான பிரஷ்ஷால தேய்க்கட்டும். புண்ணு ஆறினதும் ஆபரேஷனுக்குப் போகலாம்.”

பாலாமணிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “கேட்டுக்கங்க! எம்புள்ள வாய்ல ஒரு குத்தமும் இல்லையாம்! எந்த மேஸ்திரி வேணுமானாலும் வந்து பாக்கட்டும்!”

மூலையில் பல் பிடுங்கும் குறடுகளைக் கழுவிக்கொண்டிருந்த கம்பவுண்டர் தங்கையா தலையைத் தூக்காமலே சொன்னார்:

“பாப்பாவை எறக்கி விடுங்கம்மா. கிட்னி குடுக்கறவங்க வாயையும் பாக்கணும்; அந்தப் பொகையிலையைத் துப்பிப்போட்டு நீங்க ஏறிப் படுங்க.”