பாட்டிலில் ஓடும் வீரர்

பதினொன்று புள்ளி நாலு இரண்டு. நூறு மீட்டரை இத்தனை விநாடியில் ஓடுகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு: இன்னும் வேகமாக ஓடப் பழகுவது, அல்லது ஏன் வேகம் வரவில்லை என்று படிப்பது. இரண்டாவது வழியில் போகிற இனத்தை நீங்கள் எந்த மைதானத்திலும் பார்க்கலாம். ஓடுபாதையில் தேடாதீர்கள். கேலரி நிழலில், கருஞ்சிவப்புச் சாறு நிரம்பிய குட்டிப் பாட்டிலோடு, அகப்பட்ட ஒருவரை மடக்கி உட்காரவைத்து, பீட்ரூட்டில் உள்ள நைட்ரேட் எப்படி ரத்தக்குழாயை விரிக்கிறது, எப்படிக் கடைசி இருபது மீட்டரில் கால் தளராமல் காக்கிறது என்று விளக்கிக்கொண்டிருப்பார். கேட்பவர் வியர்வையில் நனைந்திருப்பார். விளக்குபவர் உலர்ந்திருப்பார்.

எனக்குத் தெரிந்தவர் ஒரு தொழிற்சாலையின் தடகள அணியில் இருந்தார். அணியில் இருக்கும்வரை ஷிப்ட் கிடையாது, பயிற்சிதான் வேலை. சனிக்கிழமை தேர்வு ஓட்டம். பதினொன்று புள்ளி மூன்றுக்குள் வராதவர் மறுபடி பேக்கிங் பிரிவுக்குப் போகவேண்டும். இவருடைய நேரம் அந்தப் பதினொன்று புள்ளி நாலு இரண்டு; குறைக்கவேண்டியது விநாடியில் எட்டில் ஒரு பங்கு. இதற்கு நம் வீரர், அணியினர் வாயில் 'டாக்டர்', என்ன செய்தார்? ஒரு வாரம் சாறு குடித்தார்.

“அண்ணா, சமையலறைச் சுவரெல்லாம் செவப்பு. யாராவது வந்தா கொலை நடந்துச்சுன்னு நெனைப்பாங்க” என்றாள் தங்கை.

“இது விஞ்ஞானம். உனக்குப் புரியாது.”

“புரியவேணாம். ஓடப் போறது எப்போ?”

அதையேதான் பயிற்சியாளரும் கேட்டார்: “நாலு நாளா ஓடுபாதைல ஆளையே காணோமே, ஏன்பா?”

“உடம்புல நைட்ரேட் ஏத்திட்டிருக்கேன் சார். இப்ப களைச்சா எல்லாம் வீணாயிடும்.”

“ஓடாம இருந்தா களைப்பே வராதுதான். என்னைப் பாரு, இருபது வருஷமா ஓடல. தெம்பா இருக்கேன்.”

சாறு குடித்தால் வாய் சிவக்கும். “என்ன டாக்டர், யாரைக் கடிச்சீங்க?” என்று அணியினர் முதல் நாளே கேட்டுக்கேட்டு மானத்தை வாங்கினார்கள். நம் வீரர் அன்றே கடையில் இருந்ததிலேயே காரமான, கிருமியை வேரோடு அழிப்பதாகச் சொல்லும் மவுத்வாஷை வாங்கி, ஒவ்வொரு வேளைச் சாற்றுக்கும் பிறகு இரண்டு முறை கொப்பளித்தார். சனிக்கிழமை காலையும் கொப்பளித்துவிட்டுத்தான் வந்தார். அவர் கணுக்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு மூக்கு கூர்மை.

“என்ன தம்பி, வாய் இப்படி மணக்குது?”

“மவுத்வாஷ் மேடம். சாறு குடிச்சதும் தவறாம போட்டுக்குவேன்.”

“அட கடவுளே! அந்த நைட்ரேட்டை உடம்புக்கு ஏத்தாப்ல மாத்தறதே நாக்குல இருக்கிற கிருமிங்கதான். அதுங்களையா கொன்னீங்க? எத்தனை நாளா?”

“ஏழு நாளா.”

நம் வீரர் படித்த கட்டுரைகளிலும் அது இருந்தது. மூன்றாம் பக்கத்தில். இந்த இனம் இரண்டாம் பக்கத்தைத் தாண்டுவதில்லை.

துப்பாக்கி வெடித்தது. எல்லாரும் கிளம்பிய பிறகு டாக்டரும் கிளம்பினார். பதினொன்று புள்ளி ஐந்து எட்டு. கடைசி இடம். வெட்கப்பட்டாரா? சேச்சே. மூச்சு வாங்கியபடி நேரே பயிற்சியாளரிடம் போனார்.

“சார், ஒண்ணு கவனிச்சீங்களா? இது சாறு வேலை செய்யாம ஓடின நேரம். வேலை செஞ்சிருந்தா எங்கயோ போயிருப்பேன்!”

“போகத்தான் போற” என்றார் பயிற்சியாளர், பட்டியலில் ஒரு பெயரை அடித்தபடி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நடக்கத் தொடங்குமுன் காலணிகளைப் பற்றி நாற்பது விமர்சனங்கள் படித்தவர், உடம்பைக் குறைக்க வாங்கிய ஓட்ட இயந்திரத்தில் துணி காயப்போடுபவர், எழுத உட்காருமுன் சரியான பேனாவைத் தேடி மூன்று மாதம் அலைந்தவர், எல்லாரும் தாராளமாகச் சிரிக்கலாம். எந்த வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு இதைப் படிக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

டாக்டருக்குத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பேக்கிங் பிரிவில் ஷிப்ட்.