ரெங்கா மெஸ்ஸுக்கு நல்ல நேரம்

“திங்கட்கிழமை ஆகாதும்மா. அஷ்டமி” என்றார் ரெங்கசாமி.

“செவ்வாய், சார்?”

“நவமி.”

“புதன்?”

ரெங்கசாமி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியை உற்றுப் பார்த்தார். “மரண யோகம்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டருக்கு ஆகாது.”

வித்யா நோட்டில் புதன்கிழமையையும் அடித்தாள். இப்படிக் கிழமைகளை அடிக்கத் தொடங்கி இது ஏழாவது வாரம்.

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் முப்பத்தோரு வருடமாக வாழையிலைச் சாப்பாடு போடும் கடை ரெங்கா மெஸ். அதை நவீனமாக்கியே தீருவது என்று முடிவெடுத்து, உருமாற்ற மேலாளர் என்ற பட்டத்தோடு வித்யாவை வேலைக்கு வைத்தவள் ரெங்கசாமியின் மகள் தாரகா. மகள் சொன்னால் ரெங்கசாமி வேண்டாம் என்று சொல்ல மாட்டார். யாருக்குமே அவர் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொன்னதில்லை. கடன் அட்டை விற்க வந்த பையனுக்குக்கூட டீ கொடுத்துத்தான் அனுப்புவார்.

வித்யா இருபத்து நான்கு பக்கத்துக்குத் திட்டம் போட்டாள். மேசையில் கியூஆர் கோடு ஒட்டியிருக்கும். வருகிறவர் போனில் ஸ்கேன் செய்து வேண்டியதைக் கேட்பார். அது நேரே சமையலறைப் பிரிண்டருக்குப் போய்விடும். நடுவில் நின்று ஆர்டர் எடுக்க ஆளே வேண்டாம். ரெங்கசாமி ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டே படித்தார். பன்னிரண்டாம் பக்கம் வந்ததும் கோப்பை மூடினார்.

“நல்ல காரியம். நல்ல நேரம் பார்த்து ஆரம்பிப்போம்மா” என்றார். அன்றைக்குப் பிடித்தது இந்த நாள்காட்டிப் படலம்.

வித்யாவுக்கோ நேரமே இல்லை. இந்த மாதக் கடைசியோடு அவளுடைய ஆறு மாதச் சோதனைக்காலம் முடிகிறது. புது முறை ஓட ஆரம்பித்தால்தான் ரெங்கசாமி நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். கடிதம் இருந்தால்தான் இங்கே தங்க அனுமதிக்கும் வேலை பாஸ் நீடிக்கும். அவள் கணவன் ஸ்ரீநாத்தைப் போன மாதம்தான் அவன் கம்பெனி ஆட்குறைப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தது. சுவா சூ காங் வாடகை வீட்டில் அவனும் நான்கு வயது மகளும் இனி இந்த ஊரில் இருக்கப்போவது வித்யாவின் வேலையை நம்பித்தான்.

வித்யா படித்த பெண். ஆகவே நாள்காட்டியையே மடக்கிவிடலாம் என்று நினைத்தாள்.

“சார், இதுல போட்டிருக்கற ராகு காலமெல்லாம் சென்னைக் கணக்கு. இங்க சூரியன் ஏழு மணிக்குத்தான் உதிக்குது. எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும்.”

ரெங்கசாமியின் முகம் மலர்ந்தது. “அட, இது தெரியாமப் போச்சே. அப்ப ரெண்டு கணக்கையும் பார்த்துடணும்மா. எதுக்கு வம்பு?”

ஒரு நாளைக்கு ஒன்றாக இருந்த ராகு காலம் அன்றிலிருந்து இரண்டானது.

அடுத்து அவள் சிராங்கூன் ரோட்டில் மாடியறை ஜோசியர் ஒருவரைப் பிடித்தாள். அவர் பொதுவாக நாள் குறித்துத் தர மறுத்துவிட்டார். முதலாளியின் நட்சத்திரம் வேண்டுமாம். சந்திராஷ்டமம் பார்க்க வேண்டுமாம்.

“உங்க நட்சத்திரம் என்ன, சார்?”

ரெங்கசாமி ஒரு கணம் விழித்தார். பிறகு கூடத்தைப் பார்த்து, “துரைசாமி, என் நட்சத்திரம் என்னப்பா?” என்றார்.

இரண்டு கையிலும் டீ கிளாஸ்களோடு போய்க்கொண்டிருந்த துரைசாமி நின்றார். கடை திறந்த நாளிலிருந்து ஆர்டர் எடுப்பவர் அவர்தான். கையில் சீட்டும் கிடையாது, பேனாவும் கிடையாது. எல்லாம் மண்டைக்குள்.

“பூசம்னு வச்சுக்குங்க, முதலாளி” என்றார்.

இது சமையலறைக்குக் கேட்டுவிட்டது. தலைமைச் சமையல்காரி கமலா கரண்டியோடு வெளியே வந்தாள். “முதலாளிக்கு மட்டும் பார்த்தா எப்படி? அந்த மெஷின் என் அடுப்புப் பக்கத்துலதானே உட்காரப் போகுது? எனக்குக் கேட்டை. எனக்கும் பாருங்க.”

“நியாயந்தானே” என்றார் ரெங்கசாமி, மிகுந்த உற்சாகத்தோடு. “பதினாலு பேருக்கும் பார்த்துடும்மா.”

வித்யா பார்த்தாள். மேலாண்மைப் படிப்பில் கற்ற வித்தை அத்தனையையும் இறக்கி எக்செல்லில் அட்டவணை போட்டாள். பதினான்கு நட்சத்திரம், இரண்டு ராகு காலம், இரண்டு எமகண்டம், அஷ்டமி, நவமி. கெட்ட நேரத்துக்கெல்லாம் சிவப்பு அடித்தாள். மாதம் முழுக்கச் சிவந்து போயிற்று. ஒரே ஒரு கட்டம் மட்டும் பச்சையாகப் பிழைத்துக் கிடந்தது.

வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டேகாலிலிருந்து ஒன்று ஐந்து வரை.

சுற்றுவட்டார அலுவலகமெல்லாம் பசியோடு வந்து இறங்கும் நேரம் அது. ரெங்கசாமி அந்தப் பச்சைக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் முதன்முறையாகக் கவலை தெரிந்தது.

“மத்தியானச் சாப்பாட்டு நேரமாச்சேம்மா” என்றார்.

“நல்ல நேரம் சார்” என்றாள் வித்யா. “பதினாலு பேருக்கும்.”

அவர் கற்பூரம் வாங்கி வரச் சொன்னார்.

வியாழக்கிழமை பன்னிரண்டேகாலுக்குக் கற்பூரம் காட்டித் தொடங்கினார்கள். முதல் ஐந்து நிமிடம் பிரமாதமாகப் போனது. இலை விழுந்தது, சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. எல்லாரும் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வித்யாவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. வாழையிலைச் சாப்பாட்டில் முக்கால்வாசி இரண்டாம் தடவை கேட்பதுதான். கேட்க வேண்டியவர்களின் கையோ சாம்பாரில் இருந்தது.

“என்னலா இது, ரசத்துக்கும் ஸ்கேன் பண்ணணுமா?” என்றார் ஆறாம் மேசைக்காரர், வலக்கையைத் தூக்கிப் பிடித்தபடி.

“இடது கையால பண்ணுங்க, சார்.”

அவர் இடக்கைச் சுண்டுவிரலால் பண்ணினார். அப்பளம் பதினொன்று என்று சமையலறையில் அச்சானது. பக்கத்து மேசைக்காரர் பொறுமையிழந்து ஒரே ரசத்தை ஆறு முறை அழுத்தினார். கூடத்தில் நாற்பது பேர், ஆளுக்குக் கொஞ்சம் மோர், ஆளுக்குக் கொஞ்சம் கூட்டு. பிரிண்டர் சீட்டாகத் துப்பித் தள்ளியது. அது நீளமாகத் தொங்கிக் கமலாவின் ரசப் பானைக்குள் இறங்கிவிட்டது.

“எனக்குச் சந்திராஷ்டமம் இல்லைன்னு சொன்னியேம்மா” என்று கமலா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

வாசலில் நின்ற வரிசை கலைந்து எதிர்க்கடைக்கு நகரத் தொடங்கியது.  போச்சு, எல்லாம் போச்சு என்று வித்யா நினைத்தாள்.

அப்போது துரைசாமி தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றார். அதட்டவும் இல்லை, பதறவும் இல்லை.

“கமலா, ஆறுக்கு ரசம், சூடா. மூணாம் மேசைக்கு மோர், அவருக்கு உப்பு வேணாம். ஜன்னலோரம் தங்கச்சிக்கு இன்னும் ஒரு அப்பளம், கேட்கக் கூச்சப்படும்.”

அவர் யாரையும் கேட்கவில்லை. இலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சொன்னார். கால் மணி நேரத்தில் கூடம் அடங்கிச் சாப்பிட்டது. வித்யா சுவரோரமாக நின்று பார்த்தாள். கடைக்கு எது பலம் என்று இருபத்து நான்கு பக்கம் எழுதியும், இந்த மனிதரை அதன் பன்னிரண்டாம் பக்கத்தில் குறைக்க வேண்டிய செலவாகச் சேர்த்திருந்தது அவள் நினைவுக்கு வந்தது. ஆட்குறைப்புக் கடிதத்தை மடித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்ரீநாத் வீட்டு வாசலில் நின்ற நிற்பும் நினைவுக்கு வந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை சுவா சூ காங்கிலிருந்து ரயில் ஏறியவள் மடிக்கணினியைத் திறந்து திட்டத்தைத் திருத்தினாள். வேலை போனாலும் போகட்டும், சரியாக எழுதிவிட்டுப் போவோம் என்று தோன்றியது. கியூஆர் கோடு பார்சல் வாங்குகிறவர்களுக்கு மட்டும். கூடத்துக்குப் பொறுப்பு துரைசாமி. அவர் சொல்லச் சொல்லப் பதிந்துகொள்ள ஒரு டேப்லட். அவருக்குக் கீழே பழகுவதற்கு இரண்டு பேர்.

ரெங்கசாமி புதுத் திட்டத்தை நின்றபடியே புரட்டினார். பன்னிரண்டாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, வித்யாவின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

“நாளைக்குப் பத்து மணிக்குக் கடை திறக்கறப்பவே ஆரம்பிச்சுடும்மா.”

வித்யாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கையில் கடிதம் இருந்தும் பழக்கதோஷம் விடவில்லை. “சார், நாளைக்குச் சனிக்கிழமை. பத்து மணி ராகு காலம். சென்னைக் கணக்குப்படியும், சிங்கப்பூர்க் கணக்குப்படியும்.”

“அதனால என்ன?” என்றார் ரெங்கசாமி. “துரைசாமி, அந்தக் காலண்டரைக் கழட்டிடுப்பா. இடத்தை அடைச்சுக்கிட்டு.” சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குக் காய் வாங்கக் கிளம்பிப் போய்விட்டார்.

துரைசாமி நாற்காலியில் ஏறி நாள்காட்டியைக் கழற்றினார். வித்யா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, முதலாளிக்கு என்ன ஆச்சு? ரெண்டு மாசமா நல்ல நேரம், நல்ல நேரம்னு என்னை என்ன பாடு படுத்தினாரு.”

துரைசாமி நாள்காட்டியைச் சுருட்டிக்கொண்டே கீழே இறங்கினார்.

“அவரு என்னைக்கும்மா நேரம் பார்த்தாரு, இந்தக் கடையையே ராகு காலத்துலதான் திறந்தாரு. அன்னைக்கு உங்க பன்னெண்டாம் பக்கத்தைப் படிச்சுட்டு, ‘துரைசாமி, மார்க்கெட்டுக்குப் போயி, இருக்கறதுலயே நிறைய கெட்ட நேரம் போட்ட காலண்டரா ஒன்னு வாங்கிட்டு வா’ன்னு என்னைத்தான் அனுப்புனாரு.”